தெஹுவாவில் பீங்கான் தொழிற்சாலை தேடுவது எப்படி? தனி ஆளாகத் தொழில் செய்பவர்களுக்கு

இணையத்தில் பூஜைப் பொருட்கள் விற்கிறேன். நிறுவனம் என்று சொன்னால் ஓர் அறை, ஒரு மேசை, நான். சாம்பிராணிக் கிண்ணம் செய்து தர ஆள் தேடி, தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள தெஹுவாவுக்கு இரண்டு முறை போய் வந்தேன். முதல் முறை விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே தொழிற்சாலைக்கு ஓடினேன். என்ன கேட்பது என்றே தெரியாமல் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டுப் போனேன். அந்த வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: கிளம்பும் முன்

இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் இல்லாமல் வணிக இறக்குமதி செய்ய முடியாது. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். விசாவில் வணிகத்துக்கானது ‘எம்’ வகை. அதற்குச் சீனாவிலிருந்து அழைப்புக் கடிதம் வேண்டும். நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் தொழிற்சாலையிடமே கேளுங்கள்.

எதை வாங்கப் போகிறீர்கள் என்பதை, சுங்க வேலையை முடித்துத் தரும் உங்கள் கிளியரிங் ஏஜென்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பீங்கான் உணவுப் பாத்திரங்கள் சுங்க வகைப்பாட்டில் 6911, சிலைகளும் அலங்காரப் பொருட்களும் 6913. வேறுபாடு பார்க்கச் சிறிதுதான். ஆனால் சீனப் பீங்கான் உணவுப் பாத்திரங்கள் மீது இந்தியா 2018-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் கூடுதல் வரி) விதித்தது. தட்டு, கோப்பை வாங்கும் எண்ணம் இருந்தால் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டுதான் டிக்கெட் போட வேண்டும்.

சீனப் புத்தாண்டை ஒட்டிப் போகாதீர்கள், சூளைகள் வாரக்கணக்கில் அணைந்து கிடக்கும். அக்டோபர் முதல் வாரமும் விடுமுறை. ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். மார்ச், ஏப்ரல் அல்லது நவம்பர் நல்லது.

கைப்பேசியில் அலிபேயையும் வீசாட்டையும் இங்கேயே நிறுவி, கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்து, வங்கி அட்டையை இணைத்துக்கொள்ளுங்கள். அங்கே டீக்கடையில்கூட அதுதான் பணம். வெளிநாட்டு அட்டையில் ஒரே தடவையாக 200 யுவானுக்கு மேல் செலுத்தினால் 3 விழுக்காடு கட்டணம் உண்டு. கூகுளும் வாட்ஸப்பும் உள்ளூர் இணைப்பில் திறக்காது.

படி 2: முதலில் சுவான்சௌ

ஷியாமென் நகரில் இறங்கி அதிவேக ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சுவான்சௌ. ரயிலுக்குக் காகித டிக்கெட் கிடையாது, கடவுச்சீட்டே டிக்கெட். தானியங்கி வாயில் திறக்க மறுத்தால் ஊழியர் நிற்கும் வாயிலுக்குப் போங்கள்.

இந்த ஊரைப் பற்றி நம்மவர்கள் கொஞ்சம் தெரிந்துகொண்டு போக வேண்டும். மார்க்கோ போலோ சைத்தூன் என்று குறிப்பிட்ட துறைமுகம் இது. இங்கே சிவன் கோயில் இருந்தது. 1281-ஆம் ஆண்டு சித்திரையில் வெட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, அதன் கடைசி வரி சீன எழுத்தில். காய்யுவான் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனால் நம் புராணக் காட்சிகள் செதுக்கிய கல் தூண்கள் இரண்டு நிற்கும். இடிந்த இந்துக் கோயிலின் கற்கள், புத்தர் மண்டபத்தில். நான் அந்தத் தூணடியில் நெடுநேரம் நின்றேன். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சரக்கு பார்க்க வந்த தமிழ் வணிகரும் இதே வெயிலில்தான் மொழிபெயர்ப்பாளனைத் தேடியிருப்பார். இங்கிருந்து போன பாதையின் மறுமுனையில், இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில், சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்வாய்வில் கிடைத்திருக்கின்றன.

மாலையில் லுவோயாங் பாலம். 1059-இல் கட்டி முடித்தது. அடிக்கற்களைப் பிணைக்கச் சிப்பிகளை வளரவிட்டார்கள். கடல்நீர் வடிந்திருக்கும் நேரம் பார்த்துப் போனால் அடித்தளம் தெரியும்.

படி 3: தெஹுவாவில் பழைய சூளை

சுவான்சௌவிலிருந்து மலைப்பாதையில் காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். தொழிற்சாலைக்கு முன் சூதௌகோங் சூளைத் தளத்தைப் பாருங்கள். மலைச்சரிவில் 57 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக ஏறும் சூளை, 1976-இல் தோண்டி எடுத்தது. பிறகு ஊரின் பீங்கான் அருங்காட்சியகம். இந்த ஊர் மண்ணில் இரும்பு மிகக் குறைவு, அதனால்தான் அந்தத் தந்த வெள்ளை. மிங் அரச காலத்துச் சிற்பி ஹ சாவ்சோங் செய்த குவான்யின் (பௌத்தர்களின் கருணைத் தெய்வம்) சிலைகளின் வெண்மையைக் கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் ஒருவர் சாம்பல் பூத்த வெள்ளையைக் காட்டி ‘முதல் தரம்’ என்று சொன்னால் உங்கள் கண்ணே மறுத்துவிடும்.

படி 4: உண்மையில் தொழிற்சாலையா?

முதல் பயணத்தில் என்னை அழைத்துப் போன இடத்தில் அழகான காட்சியறை இருந்தது, சூளை இல்லை. ‘சூளை வேறு ஊரில்’ என்றார்கள். அவர்கள் இடைத்தரகர். தரகரிடம் வாங்குவது பாவமில்லை. சிறு அளவு எடுப்பவர்களுக்குச் சில நேரம் அவரே வசதி. ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

தொழில் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் 18 எழுத்தும் எண்ணும் கலந்த பதிவுக் குறியீடு இருக்கும், தொழில் வகை என்ற பகுதியும் இருக்கும். அதில் ‘உற்பத்தி’ இருக்கிறதா, ‘விற்பனை’ மட்டுமா என்று படிக்கச் சொல்லுங்கள். படிப்பவர் நீங்கள் கூலி கொடுத்து அழைத்து வந்த மொழிபெயர்ப்பாளராக இருக்கட்டும், தொழிற்சாலை அனுப்பியவர் வேண்டாம். உரிமத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பன்னிரண்டு மணிக்குப் போகாதீர்கள். சாப்பாடு, பிறகு தூக்கம்; இரண்டு மணி வரை கூடம் வெறிச்சோடிக் கிடக்கும். காலை ஒன்பதுக்குப் போய் அச்சு வார்க்கும் இடம், காயவைக்கும் அடுக்கு, மெருகு பூசும் மேசை, சூளை, பெட்டியில் கட்டும் இடம் என்று வரிசையாக நடங்கள். நான் அதிக நேரம் நிற்பது கழிவுக் குவியலருகில். ஒரே மாதிரி உருப்படிகள் ஒரே இடத்தில் விரிசல் விட்டுக் கிடந்தால் அச்சிலோ காயவைப்பதிலோ கோளாறு. சூளையில் சுடும்போது மண் பத்து விழுக்காட்டுக்கு மேல் சுருங்கும். உங்கள் கிண்ணத்தின் அளவு சுடுவதற்கு முன்பா, பின்பா என்று கேட்க மறந்தால் மூடி உட்காராது.

படி 5: தேநீரும் விலையும்

பேச்சு தேநீர் மேசையில்தான் நடக்கும். பக்கத்து அன்சி மலையின் தியெகுவான்யின் தேநீரை விரலளவுக் கோப்பையில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கோப்பையும் இந்த ஊர்ச் சரக்கு. வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். விரல் நிழல் தெரிந்தால் நல்ல மெல்லிய பீங்கான். காலிக் கோப்பையைச் சுண்டினால் மணியோசை வர வேண்டும். மெருகு இல்லாத அடிவிளிம்பில் ஒரு சொட்டு மை வைத்துத் துடையுங்கள். ஊறிவிட்டால் சூடு போதவில்லை. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், வாங்கத் தெரிந்தவர் என்று இன்னொரு கோப்பை ஊற்றுவார்கள்.

விலை கேட்டால் ‘எங்கே வரைக்கும்?’ என்பதையும் கேளுங்கள். தொழிற்சாலை வாசல் விலை வேறு, ஷியாமென் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றித் தரும் எஃப்.ஓ.பி. விலை வேறு. இப்படிச் சிறு சரக்குக்குக் கப்பல் கூலி பெரும்பாலும் பெட்டியின் கன அளவுக்குத்தான். 50×40×40 செ.மீ. பெட்டியில் 48 கிண்ணம் என்றால் ஆயிரம் கிண்ணத்துக்கு 21 பெட்டி, 1.68 கன மீட்டர். கட்டும் முறையை மாற்றிப் பெட்டிக்கு 60 அடைத்தால் 17 பெட்டி, 1.36 கன மீட்டர். கிண்ணத்துக்குப் பத்துக் காசு குறைக்கச் சண்டை போடுவதைவிட இது லாபம். ஆனால் அடைத்த பெட்டியை அங்கேயே இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

முன்பணம் 30 விழுக்காடு, மீதி சரக்கைச் சோதித்த பின், ஏற்றும் முன். அந்த மேசையிலேயே ஆர்டர் கொடுத்துவிட வேண்டாம். ஒரே சாம்பிளில் மூன்று வாங்குங்கள்: ஒன்று அவர்களிடம், ஒன்று உங்களிடம், ஒன்று சரக்கைச் சோதிக்கப் போகிறவரிடம். மூன்றிலும் தேதி போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். நன்றாகச் சுட்ட பீங்கானில் பேனா மை நிற்காது, ஒட்டுத்தாள் கொண்டுபோங்கள்.