உங்கட வேர்க்‌ஷீட்டை கொம்பியூட்டருக்கு வாசிக்க ஏலுமா? முதல்ல அதைப் பாருங்க

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல நாலாம் ஆண்டு எடுக்கிறன். கிளாஸ்ல 38 பிள்ளைகள், அதுல எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுற பிள்ளைகள் இருக்கு, ஒரு காது சரியாக் கேக்காத பிள்ளை இருக்கு, ரெண்டு நிமிஷம் கதிரையில இருக்கமாட்டாத ஆளும் இருக்கு, என்னட்ட இருக்கிறது பழைய அண்ட்ரொய்ட் போன் ஒண்டும் ஸ்டாஃப் ரூம் லெப்டொப்பும்தான். டேப் வாங்கித் தாங்க எண்டு அதிபரிட்ட போக முதல் இதுகளைச் செய்து பாருங்க.

முதல் வேலை ஃபொன்ட். நான் வருஷக்கணக்கா பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்லதான் தாள் அடிச்சன், ஒருநாள் வாசிக்கக் கஷ்டப்படுற பிள்ளைக்கு லெப்டொப்பால வாசிச்சுக் காட்டுவம் எண்டு போட்டா 'தமிழ்' எண்ட சொல்லை அது "ஜே கே பி ஓ" எண்டு வாசிக்குது, பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்குது, எனக்கு வெக்கமாப் போச்சு. பாமினி உள்ளுக்கு முழுக்க இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ்ச் சட்டை போட்டிருக்கு, புள்ளி எண்டு நாங்க பாக்கிறது உண்மையில செமிகோலன். உங்கட தாள் எப்பிடி எண்டு பாக்க ஒரு வரியை கொப்பி பண்ணி உங்களுக்கே வட்ஸ்அப்ல அனுப்புங்க, இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டினா அது யூனிகோட் இல்ல, அதாவது கொம்பியூட்டர் தமிழ் எண்டே அறியிற எழுத்துமுறை இல்ல. மாத்திறதுக்கு நெட்ல இலவச கன்வேர்ட்டர் நிறைய இருக்கு. மாத்தினாப் பிறகு ஒருக்கா வாசிச்சுப் பாருங்க, கொ, கோ வாற இடங்கள் சிலநேரம் குழம்பியிருக்கும். பழைய ஃபோட்டோகொப்பி மட்டும்தான் இருக்கெண்டா படம் எடுத்து கூகிள் டிரைவ்ல போட்டு கூகிள் டொக்ஸ்ல திறங்க, அதுவே தமிழை எழுத்தா எடுத்துத் தரும்.

பிறகு மைக்ரோசொஃப்ட் எட்ஜ் பிரவுசர். வேர்ட் ஃபைலை வெப் பேஜ்ஜா சேவ் பண்ணி எட்ஜில திறங்க, பிடிஎஃப் எண்டா தமிழ்ல சிலநேரம் கொம்பு இடம் மாறிப்போகும். கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூண்டையும் சேத்து அழுத்தினா வாசிக்கும். குரல் லிஸ்ட்ல இலங்கைத் தமிழுக்கெண்டே குமார், சரண்யா எண்டு ரெண்டு பேர் இருக்காங்க. வேகத்தைக் குறைச்சு வைங்க, இன்டர்நெட் வேணும்.

வாசிக்க வாசிக்க சொல்லுக்கு மேல நிறம் ஓடும், அதுதான் முக்கியம். 'கொய்யா'வைப் பாருங்க, கொம்பு முன்னால, கால் பின்னால, நடுவுல க, மூண்டும் சேந்து ஒரே சத்தம், இடமிருந்து வலமா ஒவ்வொண்டாப் பொறுக்கிற பிள்ளை அங்கதான் விழும். காதால கேட்டுக்கொண்டு கண்ணால அந்த நிறத்துக்குப் பின்னால போகட்டும், மூண்டு தரத்துக்குப் பிறகு சத்தத்தை நிப்பாட்டிட்டு வாசிக்கச் சொல்லுங்க. எழுத்து 18 சைஸ், வரிக்கு நடுவுல நல்ல இடைவெளி.

வாயால அழகாச் சொல்லும், எழுதச் சொன்னா கொப்பி வெறும் கொப்பி, அப்பிடிப் பிள்ளைக்கு போன்ல கூகிளின்ட கீபோர்ட் ஜீபோர்ட்ல 'தமிழ் (இலங்கை)' மொழியைப் போட்டு மைக்கை அழுத்திக் குடுங்க. கரையோர ரயில் போற நேரம் மட்டும் பொறுக்கச் சொல்லுங்க, எங்கட கிளாஸ்ல அது போனா போன் சம்பந்தமில்லாத சொல்லெல்லாம் அடிக்கும். வந்ததை பிள்ளையே திருத்தட்டும், நீங்க திருத்திக் குடுக்காதீங்க.

காது கேக்காத பிள்ளைக்கு கூகிளின்ட லைவ் டிரான்ஸ்கிரைப் இருக்கு, நீங்க கதைக்கிறது தமிழ் எழுத்தா ஓடும், ஆனா பிழை விடும், அதை நம்பி பிள்ளையை பின்வாங்கில விடாதீங்க. முன்வரிசையில, நல்லாக் கேக்கிற காது உங்கட பக்கம் வாற மாதிரி இருத்துங்க, போர்டைப் பாத்துக்கொண்டு கதைக்காதீங்க. இது ஆப்பை விட உதவும், சத்தியமா.

பார்வை குறைஞ்ச பிள்ளைக்கு போர்டைப் படம் எடுத்துக் குடுத்தாலே போதும், விரலால பெருப்பிச்சுப் பாக்கும். ஓடித்திரியிற ஆளுக்கு போன் டைமரை எல்லாருக்கும் தெரியிற மாதிரி மேசையில வைங்க, அஞ்சு நிமிஷம் வேலை, பிறகு டஸ்டர் தட்டுற வேலையை அவனுக்கே குடுங்க.

இன்னொண்டு, ஹெட்போனை ஒரு பிள்ளைக்கு மட்டும் குடுத்தா மற்றதுகள் "டீச்சர், அவனுக்கு மட்டும் ஏன்?" எண்டு தொடங்கும். நான் புறக்கோட்டையில மலிவா நாலு வாங்கி முறை வச்சு எல்லாருக்கும் குடுக்கிறன், இப்ப சண்டை யாருக்கு முதல் முறை எண்டதுதான்.