உப்புக் கறையும் ஆசிட் பாட்டிலும்: வீடு சுத்தம் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் வீடு சுத்தம் செய்யப் போகும்போது புதுப் பையன்களையும் கூட்டிப் போகிறேன். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். அழுக்குத் துணியால் துடைக்கக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். எங்கள் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. பாத்ரூம் கண்ணாடியில் தெறித்த சொட்டு காய்ந்தால் வெள்ளை வட்டமாக நிற்கும். சோப்புக்கு அசையாது. உடனே கை ஆசிட் பாட்டிலைத் தேடும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு. மாமனார் காலத்து மொசைக் தரை, அப்படி ஒரு பளபளப்பு. கண்ணாடித் தடுப்பில் ஆசிட் போட்டுத் தேய்த்தேன். கறை போய்விட்டது. கீழே வழிந்தது தரையில் சுர்ரென்று நுரைத்தது. அழுக்கு கிளம்புகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். தரை காய்ந்ததும் பார்த்தால், தடுப்பை ஒட்டி இரண்டு அடிக்கு வெளுத்துப் போயிருந்தது. கால் வைத்தால் சொரசொரப்பு. “இன்னாப்பா, தரையே போச்சே” என்றார் அந்த அம்மா. பாலிஷ் மிஷின் வைத்துத் தேய்த்துக் கொடுத்ததில் என் பத்து நாள் கூலி போனது.

நுரைத்தது அழுக்கு இல்லை, தரை. உப்புக் கறையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மொசைக்கில் பதித்த மார்பிள் சில்லும் அதேதான், கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல்தான். கறையைக் கரைப்பது கல்லையும் கரைக்கும். குழாயின் குரோம் பூச்சையும் கெடுக்கும்.

இப்போது முதலில் தரையை நனைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிடுவேன். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட், எலுமிச்சை உப்பு என்று விற்கிறார்களே அது. பழைய பனியன் துணியை அதில் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கண்ணாடியில் கால் மணி நேரம் ஒட்டி வைப்பேன். அப்புறம் தேய்த்துக் கழுவி, நகத்தால் தடவிப் பார்ப்பேன். வழுக்கினால் சரி, கரகரத்தால் இன்னொரு முறை. இதுவும் அமிலம்தான், தரையில் படவிடக் கூடாது. மூன்று முறைக்கும் போகவில்லையா, கண்ணாடியே அரித்திருக்கும். அதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர்

கூடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

ஜன்னல் தூசியை உலர்ந்த துணியால் துடைப்பது

எண்ணூர் விரைவுச் சாலையோர வீடுகளில் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசியில் மணலும் இருக்கும். தேய்த்தால் கீறல்தான். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்குச் சலவை சோடா

அலுமினிய றெக்கைக்கு வேண்டாம், கறுத்துவிடும்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் நேராக ஸ்பிரே அடிப்பது

துணியில் அடித்துத் துடையுங்கள். ஓரத்தில் இறங்கும் ஈரம் பின்பக்க ரசத்தைத் தின்றுவிடும். ரசம் போன கண்ணாடியை எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது.