ரஷ்யப் பண்டிகைகளில் புதிதாக வருபவர்கள் சொதப்பும் இடங்கள்

வோல்கோகிராடில் மருத்துவம் படிக்க வரும் தம்பி தங்கைகளைப் பார்க்கும்போது, ஒரு காலத்தில் நான் முட்டிக்கொண்ட சுவரிலேயே வரிசையாக வந்து முட்டிக்கொள்கிறார்களே என்று தோன்றும். பரிசுப் பூங்கொத்தில் ஒற்றைப்படையில் பூ இருக்க வேண்டும், வாசற்படியில் நின்று கைகுலுக்கக் கூடாது என்பதெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிசம்பர் 25-ஐ நம்பித் திட்டம் போடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். நம் ஊரில் டிசம்பர் 25 லீவு. ஜனவரி 2-ஆம் தேதி ஆபீஸ் திறந்துவிடும். இங்கே அப்படியே தலைகீழ். டிசம்பர் 25 சாதாரண வேலைநாள், வகுப்பு உண்டு. ஜனவரி 1 முதல் 8 வரை அரசு விடுமுறை. மளிகைக் கடை திறந்திருக்கும், முத்திரை குத்தும் எந்த இடமும் திறந்திருக்காது.

1918-இல் சோவியத் அரசு புதிய நாட்காட்டிக்கு மாறியது. திருச்சபை பழையதிலேயே நின்றுவிட்டது. இடையில் 13 நாள். அதனால் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல் வருகிறது. பின்னால் அரசு கிறிஸ்துமஸையே ஓரங்கட்டியதில் அலங்கார மரமும் போயிற்று. 1935 கடைசியில் மரத்தை மீண்டும் அனுமதித்தபோது அது புத்தாண்டு மரமாகத்தான் வந்தது. பரிசு தரும் தாடித் தாத்தா தெட் மரோஸும் அவர் பேத்தி ஸ்னெகூரச்காவும் டிசம்பர் 31-க்குக் குடிவந்துவிட்டார்கள். கடைவீதியில் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு "கிறிஸ்துமஸ் களைகட்டிடுச்சு" என்று வீட்டுக்குப் படம் அனுப்புகிறவர்கள்தான் அடுத்து மாட்டுகிறவர்கள்.

ஒரு ஜூனியர் இருந்தான். முதல் விசா 90 நாள், ஒருமுறை நுழைவுக்கு மட்டும். அதை நீட்டித்தால்தான் குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வர முடியும். "கிறிஸ்துமஸ் கூட்டம் குறையட்டும்ணா, ஜனவரி ரெண்டாம் தேதி போய்க்கிறேன்" என்றான். டிசம்பர் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன், தலையை ஆட்டினான். ரெண்டாம் தேதி போனால் நோட்டரி பூட்டு, மொழிபெயர்ப்பு அலுவலகம் பூட்டு. வெளிநாட்டு மாணவர் பிரிவில் காவலாளி மட்டும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். 9-ஆம் தேதி திறந்தபோது இவனைப் போலவே ஒரு பெரிய கூட்டம். விசா கைக்கு வருவதற்குள் விமானம் போய்விட்டது. சலுகை விலை டிக்கெட், பத்துப் பைசா திரும்பி வரவில்லை. அவன் அம்மா எனக்குப் போன் செய்து "நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டார்!

டிசம்பர் 20-க்குள் காகித வேலையை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் அரசு வெளியிடும் வேலைநாள் அட்டவணையையும் பாருங்கள். ஜனவரி விடுமுறையில் சனி, ஞாயிறு விழுந்தால் அதற்கு ஈடான நாளை மே மாதத்துக்கோ வேறெங்கோ நகர்த்துவார்கள். சில வருடங்களில் ஏதோ ஒரு சனிக்கிழமை வேலைநாளாகிவிடும்.

சாலட் என்றால் சைவம் என்று நினைப்பது

புத்தாண்டு மேசையின் நடுவில் இருக்கும் ஒலிவியே சாலட்டில் உருளைக்கிழங்கு, பட்டாணி, மயோனைஸ் மட்டும் தெரியும். உள்ளே தொத்திறைச்சித் துண்டுகளும் முட்டையும் கிடக்கும். பீட்ரூட் போர்த்திக்கொண்டு அழகாக இருக்கும் இன்னொன்றுக்கு அடியில் உப்பிட்ட ஹெர்ரிங் மீன். சைவம் சாப்பிடும் தோழி ஒருத்தி ரெண்டாம் முறை கேட்டு வாங்கியபோது வீட்டுக்காரப் பாட்டிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. யார் போய் உடைப்பது?

அதே மேசையில் தீவிர ஆர்த்தடாக்ஸ்காரர் இருந்தால், இறைச்சியை அவர்முன் தள்ளி வற்புறுத்தாதீர்கள். கிறிஸ்துமஸ் நோன்பு ஜனவரி 6 வரை ஓடுகிறது.

மஸ்லெனிட்சாவுக்குச் சிக்கன் குழம்பு

வேண்டாம். ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய அந்த வாரம் வெண்ணெய், பால், முட்டை, மீன் எல்லாம் உண்டு; இறைச்சி கிடையாது. தேதியும் ஈஸ்டரைப் பொறுத்து வருடா வருடம் மாறும். நம் போகிபோல வைக்கோல் பொம்மையை எரிப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு யாராவது உங்களிடம் வந்து திடீரென மன்னிப்புக் கேட்டால் என்ன செய்தார் என்று துருவாதீர்கள். "போக் ப்ரஸ்தீத்", கடவுள் மன்னிப்பார், என்று சொல்லிவிட்டு நீங்களும் கேளுங்கள்.

மார்ச் 8

மறக்காதீர்கள். பேராசிரியை முதல் விடுதி வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி வரை எல்லாருக்கும் பூ. ஆண்களைக் கொண்டாடும் பிப்ரவரி 23 அன்று பெண்கள் உங்களுக்குக் காலுறை வாங்கித் தந்தார்களே.

மே 9-க்கும் ஒற்றைப்படைப் பூ

மே 9 இரண்டாம் உலகப் போர் வெற்றி நாள். அன்று வோல்கோகிராடின் மமாயெவ் குர்கான் போர் நினைவிடத்தில் வைக்கும் சிவப்புக் கார்னேஷன் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். இறந்தவர்களுக்கு இரண்டு, நான்கு என்றுதான் வைப்பார்கள். எதிரில் வரும் போர் முதியவர் கையில் கொடுத்தால் ஒற்றைப்படை. இரண்டு கணக்கும் ஒரே காலையில் தேவைப்படும் என்பதால் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். அணையா விளக்கின் முன் பல்லைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள்.

முன்கூட்டியே வாழ்த்து

புத்தாண்டுக்குச் சொல்லலாம். பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால்கூடக் கூடாது.