வக்கீல் ஆபீசைக் கம்ப்யூட்டருக்கு மாற்றணுமா? குமாஸ்தா மேஜையில் தொடங்குங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது திருநெல்வேலிக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் ஆபீசில் கீழ்த்தட்டில் இருந்த கேஸ் கட்டுகள் முழுக்க நனைந்துவிட்டன. ஒட்டிப்போன பத்திரங்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்தோம். எல்லாம் கட்சிக்காரர்கள் எங்களை நம்பிக் கொடுத்தவை. "இனி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றணும்" என்று சீனியர் சொன்னது அப்போதுதான், பொறுப்பு என்னிடம் வந்தது.

உங்களிடமும் அப்படி வந்தால் உடனே சாப்ட்வேர் வாங்கப் போகாதீர்கள். ஒரு வாரம் குமாஸ்தா பக்கத்தில் உட்காருங்கள். வாய்தாவை எங்கே குறிக்கிறார், பழைய கட்டை எந்த அடையாளத்தை வைத்துத் தேடி எடுக்கிறார், அம்பாசமுத்திரத்திலிருந்து கட்சிக்காரர் போன் போட்டு "அடுத்த தேதி என்ன அண்ணாச்சி?" என்று கேட்டால் எதைப் புரட்டிப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். ஆபீஸ் உண்மையில் ஓடுவது அந்த மேஜையில்தான், அவர் ஒத்துக்கொள்ளாத எந்த ஏற்பாடும் மூன்று மாதம் தாங்காது.

அவருடைய டைரியை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு கட்டின் மேலட்டையிலும் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) எழுதச் சொல்லுங்கள், அது போதும். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தாவும் உத்தரவும் வரும், சாயங்காலம் டைரியோடு ஒத்துப் பார்க்கலாம். எங்கேயாவது தேதி மாறியிருந்து அதை அவரே ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஸ்கேன் வேலையைப் பழைய அலமாரியில் ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்த மாதம் வாய்தா உள்ள கட்டுகளை முதலில் எடுங்கள், அதிலும் மூலப் பத்திரங்களை. ஸ்கேன் தெளிவு 300 டிபிஐ போதும். கையெழுத்தில் உள்ள பழைய கிரயப் பத்திரங்களை எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) பெரும்பாலும் சரியாகப் படிக்காது, அதனால் கோப்பின் பெயரிலேயே வருடம், ஆவண எண், கிராமம் மூன்றையும் போட்டுவிடுங்கள். மூன்று பிரதிகள் வேண்டும், ஒன்று கட்டாயம் வேறு ஊரில் இருக்கணும். ஒரே தெருவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்தால் ஆறு இரண்டையும் சேர்த்தே நனைக்கும்.

வாட்ஸ்அப்பில் வருகிற ஆதாரங்களில் ரொம்பக் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு, ஒன்று ஆவணத்தைத் தாக்கல் செய்பவருக்கு, மற்றது நிபுணருக்கு, ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) அதில் குறிக்கணும். ஆகவே போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள் என்று கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஏஐ பற்றி ஜூனியர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். வாதுரையைச் சுருக்க, மொழிபெயர்ப்புக்கு முதல் வரைவு போட உதவும், தாராளமாகப் பழகட்டும். ஆனால் அது சொல்லும் தீர்ப்பு எதையும் மூலத்தைத் திறந்து படிக்காமல் மனுவில் சேர்க்கக் கூடாது. 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இன்னொன்று, கட்சிக்காரர் பெயர், சர்வே எண், குடும்ப விவரம் எதையும் இலவசச் செயலிகளில் ஒட்டவே கூடாது. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-வது பிரிவு சொல்லும் ரகசியக் கடமை வக்கீலோடு நிற்பதில்லை, குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் சேர்த்துத்தான். அதனால் ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுங்கள், ஜூனியர் ஒருவர் மதுரை பெஞ்சில் தனியாகத் தொழில் பார்க்கக் கிளம்பினால் அன்றைக்கே அவருடையதை முடக்குங்கள்.