கிளையன்ட் ஐபி சொல்லும் ஃபங்ஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்கூழ் ஆலையின் எடைமேடை கிருஷ்ணகிரியில், கணக்குப் பிரிவு தருமபுரியில், டேட்டாபேஸ் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். லோடு எடையை எந்தக் கணினியிலிருந்து திருத்தினார்கள் என்று பதிய, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு ஃபங்ஷன் எழுதி, திருத்தம் நடக்கும்போது தானாக ஓடும் டிரிகரில் கோர்ப்பார்கள். அதற்குள் ஐபி முகவரியைச் சொல்லும் ‘இனெட்_கிளையன்ட்_அட்ர்’ (inet_client_addr) இருக்கும். டேட்டாபேஸோடு நேரடியாகப் பேசும் இணைப்பின் மறுமுனையை மட்டுமே அது சொல்லும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

முதலில், முகவரியைப் பதியும் நெடுவரிசையின் (column) வகை. வார்ச்சார் 15 (15 எழுத்து வரை ஏற்கும் வகை) போதும் என்பார்கள். 192.168.10.25 என்பதில் 13 எழுத்துதான். ஆனால் டெக்ஸ்டாக மாற்றும்போது போஸ்ட்கிரெஸ் 192.168.10.25/32 என்று எழுதும். 16 ஆகிவிட்டது, இன்சர்ட் எரர் அடிக்கும். ஐபிவி6 வந்தால் /128-ஐயும் சேர்த்து 43 வரை போகும். நெடுவரிசையை ஐபி முகவரிக்கென்றே உள்ள இனெட் வகையிலேயே வையுங்கள். /32 இல்லாமல் திரையில் காட்ட மட்டும் ‘ஹோஸ்ட்’ ஃபங்ஷன்.

லினக்ஸ் சர்வரிலேயே யூனிக்ஸ் சாக்கெட் (நெட்வொர்க் இல்லாமல் அதே கணினிக்குள் இணையும் வழி) வழியாக நுழைந்தால் முகவரியே கிடையாது, ‘நல்’ (மதிப்பு இல்லை) வரும். நெடுவரிசைக்கு ‘நாட் நல்’ (மதிப்பில்லாமல் விடக் கூடாது) போட்டிருந்தால் இரவு ஓடும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். அதற்காக 127.0.0.1 (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) என்று நிரப்பாதீர்கள். அது பொய்ப் பதிவு.

ஃபங்ஷனை ‘இம்யூட்டபிள்’ (எப்போதும் ஒரே விடை தருவது) என்று அறிவிக்கக் கூடாது, ‘ஸ்டேபிள்’ (ஒரு கட்டளைக்குள் மட்டும் விடை மாறாதது) என்பதுதான் சரி. ‘பேரலல் சேஃப்’ என்றும் போட வேண்டாம்: வேலையைப் பகிர்ந்து செய்யும் துணை ப்ராசஸான பேரலல் வொர்க்கருக்குக் கிளையன்ட் இணைப்பு இல்லாததால் அங்கேயும் ‘நல்’தான்.

சிக்கலே நடுவில் வெப் சர்வரோ, பல பயனருக்கு இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பூலரான பிஜிபவுன்சரோ இருக்கும்போதுதான். எடைமேடையும் கணக்குப் பிரிவும் ஒரே முகவரியாகத் தெரியும். உண்மை முகவரியை ஆப்தான் ‘செட்_கான்ஃபிக்’ (செட்டிங்கில் மதிப்பு வைக்கும் ஃபங்ஷன்) மூலம் அனுப்ப வேண்டும். அதன் மூன்றாவது மதிப்பு ‘ட்ரூ’வாக இருக்கட்டும், டிரான்சாக்‌ஷனோடு அழிந்துவிடும். ‘ஃபால்ஸ்’ கொடுத்தால் இணைப்பிலேயே தங்கி, அடுத்து அதே இணைப்பைப் பெறுபவரின் திருத்தம் முந்தையவர் முகவரியில் விழும். எடைத் தகராறில் குற்றமற்றவர் மாட்டிக்கொள்வார்.

இன்னொரு கண்ணி: டிரான்சாக்‌ஷன் முடிந்தபின் அந்த செட்டிங் ‘நல்’ ஆகாது, வெற்றுச் சரமாக (எழுத்தே இல்லாத டெக்ஸ்டாக) நிற்கும். அதை இனெட்டாக மாற்றினால் எரர். ‘நல்இஃப்’ போட்டு வெற்றுச் சரத்தை வடிகட்டிய பிறகே மாற்றுங்கள்.

ஆப் அனுப்பியதை எஸ்கியூஎல் ஓட்டத் தெரிந்த எவரும் மாற்றி அமைக்கலாம். ஆகவே இரண்டு நெடுவரிசை: டேட்டாபேஸ் பார்த்தது ஒன்று, ஆப் சொன்னது ஒன்று. கிளையில் எல்லாக் கணினியும் ஒரே ரவுட்டர் வழியே வெளியே போனால் இரண்டாவதும் கிளையைத்தான் காட்டும். ஆளைப் பிடிக்க லாகின் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள்.

சாக்கெட், 127.0.0.1, வேறொரு கணினி, பூலர் வழியே அடுத்தடுத்து இரு பயனர் என நான்கு வழியிலும் இன்சர்ட் செய்து பார்த்த பிறகே டிரிகரை இயக்குங்கள்.