விமானத்துக்கு அலுமினியத் தகடு வெட்டுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பட்டறைகளில் கூரைத் தகரமும் பீலியும் வெட்டிப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கம் வீட்டிலேயே சிறிய விமானம் கட்டுபவருக்கும் உதவும். ஆனால் கூரைத் தகரத்தில் கோடு நேராக வந்தால் வேலை முடிந்தது, விமானத் தகட்டில் அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம். வெட்டிய விளிம்பில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் போதும், இன்ஜின் அதிர்விலும் காற்றின் அழுத்தத்திலும் தகடு ஆயிரக்கணக்கான முறை நெளியும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

முதலில் தகடு. வீட்டில் கட்டும் விமானங்களில் அதிகம் வருவது 6061-டி6, 2024-டி3 என்ற இரண்டு அலுமினியக் கலவைகள் (டி என்பது சூடாக்கிக் கெட்டிப்படுத்தியதற்கான அடையாளம்). தடிமன் பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை. டவுனில் ஹார்ட்வேர் கடையில் வெறும் அலுமினியம் என்று கொடுப்பது இதைவிட மிருதுவானது, அதை விமானத்தில் எங்கேயும் போடாதீர்கள். பழகுவதற்குக்கூட உங்கள் கலவையின் துண்டுகளே நல்லது, ஏனென்றால் மிருதுவான தகடும் கெட்டியான தகடும் கத்திக்கு வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். நம் ஊர் ஈரத்தில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் அடுக்கினால் நடுவில் தண்ணீர் தங்கி வெள்ளையாகக் கறை பிடிக்கும், நிறுத்தி வைத்துக் காய்ந்த இடத்தில் வையுங்கள். இன்னொன்று: வெட்டத் தொடங்கும் முன்பே மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கோடு போடுவது. மெல்லிய முனை மார்க்கர் பேனா மட்டும்தான். பென்சில் வேண்டாம், அதிலுள்ள கிராஃபைட் அலுமினியத்தை அரிக்க வைக்கும். ஆணியாலும் கீறாதீர்கள். வெட்டி எறியும் பக்கத்தில் கீறினால் பரவாயில்லை, விமானத்தில் தங்கும் பக்கத்தில் கீறல் கூடவே கூடாது. தகட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் படலத்தை இப்போதே உரிக்க வேண்டாம், அதன் மேலேயே கோடு போடலாம்.

பெரிய தகட்டிலிருந்து துண்டைப் பிரிக்கும்போது கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். கை கத்தரியோ மின்சாரக் கத்தரியோ எதுவானாலும் சரி, அந்த 3 மில்லிமீட்டரில் தவறெல்லாம் அடங்கிவிடும்.

நீளமான நேர்கோட்டுக்கு எனக்குப் பிடித்த முறை கீறி ஒடிப்பதுதான். பிளாஸ்டிக் பலகை வெட்டும் கொக்கிக் கத்தி ஒன்று போதும், விலையும் குறைவு. இரும்புப் பட்டையைக் கோட்டின் மேல் வைத்து இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கத்தியை உங்களை நோக்கி இழுங்கள். முதல் இழுப்பு கிட்டத்தட்ட எடையே இல்லாமல் இருக்க வேண்டும், அது பள்ளத்தை மட்டும் காட்டிக்கொடுக்கிறது. அதற்கப்புறம் கத்தி தானாகவே அந்தப் பள்ளத்தில் ஓடும், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டலாம். பால்மரம் சீவுகிறவர் ஒரே வெட்டில் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடுவதுபோல இங்கேயும் அவசரப்பட்டால் கத்தி கோட்டைவிட்டு வழுக்கி நல்ல பக்கத்தில் கீறிவிடும், அந்தத் துண்டு அதோடு போச்சு. தடிமனில் ஏறக்குறைய பாதி இறங்கியதும், பள்ளம் மேசை விளிம்பில் மேல்பக்கமாக இருக்கும்படி வைத்து, ஒரு ஆங்கிள் இரும்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே நிற்கும் பகுதியைக் கீழே மடக்குங்கள், பிறகு மேலே, மறுபடி கீழே. டி6, டி3 தகடுகள் கண்ணாடிபோல் சுத்தமாக ஒடியும். மிருதுவான அலுமினியம் ஒடியாமல் வளைந்துகொண்டே இருக்கும்.

வளைவுகளுக்கு விமானக் கத்தரி, அதாவது தகடு வெட்டும் கைக்கத்தரி. சிவப்புப் பிடி இடது பக்கம் வளையும், பச்சை வலது பக்கம், மஞ்சள் நேராக. ஒரு துண்டில் வெட்டிப் பார்த்து எந்தப் பக்கம் சுருள்கிறது என்று கவனியுங்கள், எறியும் பகுதி அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். கத்தரியை முழுதாக மூடாதீர்கள். முனை மூடும் இடத்திலெல்லாம் விளிம்பில் ஒரு வெட்டுக்காயம் விழும்.

உள்மூலையில்தான் நிறைய பேர் கவனம் தவறுகிறார்கள். எல் வடிவமாக ஒரு துண்டு வெட்ட வேண்டும் என்றால், இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் முதலில் ஒரு ஓட்டை போடுங்கள், அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த ஓட்டை வரை மட்டும் வெட்டுங்கள். கூர்மையான மூலையில் அழுத்தம் முழுவதும் ஒரே புள்ளியில் குவியும். 1954-ல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் உடைந்தபோது, உலோகச் சோர்வுதான் காரணம் என்றும் ஒன்றில் விரிசல் கூரையில் இருந்த திறப்பின் மூலையருகே தொடங்கியது என்றும் விசாரணையில் தெரிய வந்தது. நம்முடையது சின்ன விமானம்தான், ஆனாலும் உலோகம் அதே உலோகம்.

வட்ட ஓட்டை சின்னதாக இருந்தால் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில். பெரிதாக இருந்தால் ஃபிளை கட்டர், அதாவது நடுத்தண்டிலிருந்து நீளும் கையில் கத்தி மாட்டி வட்டமாகச் சுற்றி வெட்டும் கருவி. ஃபிளை கட்டரைக் கையில் பிடிக்கும் டிரில்லில் மாட்டவே மாட்டாதீர்கள். நிறுத்தி வைத்த டிரில் பிரஸ்ஸில், மிகக் குறைந்த வேகத்தில், தகட்டை மரப்பலகையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துத்தான் வேலை செய்ய வேண்டும். தகடு தூக்கும்போது கையுறை போடுங்கள், டிரில் பிரஸ் முன்னால் நிற்கும்போது கழற்றிவிடுங்கள், துணி சிக்கினால் விரலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் வேண்டும். இரும்புக்குப் பயன்படுத்தும் கிரைண்டர் கல்லில் அலுமினியத்தை வைக்காதீர்கள், கல்லின் துளைகளில் உலோகம் அடைத்துச் சூடாகிக் கல்லே வெடிக்கக்கூடும்.

இப்போது விளிம்பு. கோடு வரை அரத்தால் இறக்குங்கள், அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் ஒட்டாது. பிறகு அரத்தைக் குறுக்காகப் பிடித்து விளிம்பின் நீளத்துக்கு இழுங்கள், குறுக்குக் கோடுகள் மறையும் வரை. அப்புறம் 240, 400 எண் உப்புத்தாள், கடைசியில் ஸ்காட்ச்-பிரைட் என்ற தேய்ப்பு நார். மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டின் கூர்மையையும் லேசாக எடுத்துவிடுங்கள். ஓட்டைகளுக்கும் இதே கவனிப்பு வேண்டும், இரண்டு பக்கமும். நேரம் இழுக்கும்தான், ஒரு துண்டை வெட்டுவதைவிட விளிம்புக்கு அதிக நேரம் போனால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் பஞ்சை எடுத்து விளிம்பு முழுக்க இழுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து மறுபடி தேயுங்கள். பஞ்சு எங்கேயும் மாட்டாமல் வந்தால் படலத்தை உரித்து, வியர்வைக் கைப்படாமல் துடைத்து, பிரைமருக்கு, அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சுக்கு, அனுப்பலாம்.