வாத்தின் பிடரி மொட்டையானால் வேப்பெண்ணெயைத் தேடாதீர்கள்

சென்ற வாரம் சோழவந்தானில் உறவினர் ஒருவர், பிடரியில் இறகு கொட்டிய இரண்டு பெட்டை வாத்துகளுக்குக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, பேன் என்று எண்ணி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே கிண்ணத்தோடு நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வாத்து வளர்ப்பில் இப்படித் தெரியாமலே தொடரும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்; இரவில் கூண்டைப் பூட்ட மறப்பது போன்ற தவறுகளை நாயும் கீரியும் ஒரே நாளில் திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

ஆண்களை எண்ணாமல் வளர்ப்பது

அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சலுக்கு வந்த வாத்துக்காரர் ஒருவரிடம் எட்டுக் குஞ்சுகள் வாங்கினேன். எல்லாம் பெட்டைதான் என்றார், நம்பினேன். இரண்டு மாதம் ஆனபோது நான்கின் குரல் தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது, மற்ற நான்கும் தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தின. உரக்கக் கத்துவது பெட்டை, கரகரப்பது ஆண் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பின்னர் ஆண்களின் வாலில் ஓரிரு இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டபோது தெரிந்துகொண்டேன். ஆனால் பிள்ளைகள் எட்டுக்கும் பெயர் வைத்துவிட்டிருந்ததால், விற்க மனம் வரவில்லை.

ஆண் வாத்து இணையும்போது பெட்டையின் முதுகில் ஏறி, நழுவாமலிருக்கப் பிடரியை அலகால் கவ்விக்கொள்ளும். நான்கு பெட்டைகளுக்கு நான்கு ஆண்கள் என்றால், ஒரே பிடரி நாளெல்லாம் கடிபடும். இறகு பிடரியிலும் முதுகிலும் மட்டும் போயிருந்ததே காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நானோ பேன் என்று முடிவு கட்டி, தேடியும் ஒரு பேன்கூடக் கிடைக்காத நிலையில், இரண்டு வாரம் எண்ணெய் தடவினேன். எண்ணெய் ஊறிய இறகு தண்ணீரைத் தடுக்காது. தொட்டியில் இறங்கிய பெட்டைகள் நனைந்து நடுங்கின. ஒரு காலையில், சிமெண்ட் தொட்டியில் ஆண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அழுத்தியதில் ஒரு பெட்டை மூழ்கிச் செத்துக் கிடந்தது. நீர்ப்பறவையைத் தண்ணீரிலேயே சாகவிட்ட என் மடமையை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஓர் ஆணுக்கு ஐந்தாறு பெட்டைகளாவது இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் அன்றுதான் சொன்னார். மிச்சமிருந்த மூன்று பெட்டைகளோடு ஓர் ஆணை மட்டும் விட்டு, அதையும் பாதி நாள் பிரித்து வைத்தேன். மற்ற மூன்று ஆண்களும் பெட்டைகள் கண்ணில் படாத மூலையில் சண்டையின்றி வாழ்ந்தன. வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைத்துவிட்டது. நடுவில் ஒடிந்தது அடுத்த இறகுதிர் பருவம்வரை அப்படியே நின்றது. முட்டை மட்டும் போதுமென்றால் ஆணே தேவையில்லை. ஆணில்லாமல் பெட்டை முட்டையிடாது என்று சத்தியம் செய்பவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள்.

இறகுதிர்வை நோயாக எண்ணுவது

உடல் முழுவதும் இறகு உதிர்ந்து, முட்டையும் நின்று, முள் போன்ற புதிய இறகுகள் தலைகாட்டினால், அது ஆண்டுதோறும் நடக்கும் மாற்றம். மருந்து வேண்டாம், புரதம் மிகுந்த தீவனம் கொடுங்கள். புதிய இறகின் தண்டில் இரத்தம் ஓடுவதால், அந்நாட்களில் இறக்கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு

தலை முழுவதும் முங்கவில்லையென்றால் வாத்தால் கண்ணையும் மூக்கையும் கழுவ முடியாது. வாலின் மேற்புறமுள்ள சுரப்பியிலிருந்து அது எடுத்துப் பூசும் எண்ணெய் இறகைக் காக்க உதவுகிறது; குளிக்க நீரின்றிச் சேற்றிலேயே கிடந்தால் அந்தப் பராமரிப்பு கெட்டு, இறகு நனைந்து சிக்கலாகும். பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம் போதும். அழுக்கு நீரை வாழைக்கு ஊற்றுங்கள்.

ஆண் வாத்தைக் கோழிகளோடு அடைப்பது

வேண்டாம். சேவலுக்கு இல்லாத புணர்ச்சி உறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு. பெட்டைக்கோழி உள்ளே கிழிந்து சாகக்கூடும்.

பூஞ்சை பிடித்த கடலைப்புண்ணாக்கு

அதில் உருவாகும் அஃப்ளாடாக்ஸின் நஞ்சை வாத்துக்குஞ்சுகள் சிறிதும் தாங்குவதில்லை. இறகைக் கொத்திப் பிடுங்கிக்கொள்ளும், கால் ஊதா நிறமாகும், நொண்டும். வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் இறங்கும்; குழி தோண்டிப் புதையுங்கள்.